பொன்னுக்கு வீங்கிக்குப் போட்ட சங்கிலி

மகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து வற்றிய கையோடு, என் கணவருக்கும் வலது தாடை வீங்கியது. பிள்ளையிடமிருந்து அப்பாவுக்குத் தொற்றிக்கொண்டது என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கம் போடவேண்டும். மகள் கழுத்தில் கிடந்த என் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டேன். "புது மாப்பிள கணக்கா இருக்கீங்க" என்று கேலி வேறு செய்தேன். அவர் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, அரியாங்குப்பத்தில் இருக்கும் தன் பெயிண்ட் கடைக்குப் போய்வந்தார்.

மகளுக்கு வற்றிய வீக்கம் அவருக்கு வற்றவில்லை. அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லும் ஆட ஆரம்பித்தது. அப்படியானால் பல்தான் காரணம் என்று மூலக்குளத்தில் ஒரு பல் டாக்டரிடம் பிடுங்கிக்கொண்டு வந்தோம். பல் போனது, வீக்கம் போகவில்லை. வேறு ஏதாவது பெரிதாக இருக்குமோ என்று கேட்டேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சும்மா இரு" என்று என்னை அடக்கினார்.

ஒரு நாள் காலையில் காப்பி குடிக்கும்போது அவர் முகவாயில் வழிந்து சட்டையில் சொட்டியது. அது அவருக்குத் தெரியவே இல்லை. பச்சைப் பிள்ளை தோற்றது போங்கள் என்று சிரித்துக்கொண்டே துடைத்தேன். துண்டில் ரத்தம். கீழுதட்டைக் கடித்திருக்கிறார்.

"வலிக்கலியா?"

"இன்னா வலி?"

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்குப் போகவிடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். ஊசி முனையால் முகத்தைத் தொடுவதாகவும், தொட்டதும் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். இடது பக்கம் தொட்டதும் "ஆங்" என்றார் இவர். பிறகு கீழுதட்டின் வலது பக்கத்தில் ஊசி அழுந்தியது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். மறுபடியும் அழுந்தியது. பொறுமையாகக் காத்திருந்த அவர், "ம்... தொடுங்க டாக்டர்" என்றார்.



எக்ஸ்ரே எடுக்குமுன் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். அதைக் கையில் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். படத்தைப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"இது பொன்னுக்கு வீங்கியும் இல்ல, பல்லும் இல்ல. தாடை எலும்புக்குள்ள கட்டி இருக்கு. உதட்டுக்குப் போற நரம்ப அழுத்துது. சதை எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் கெட்ட கட்டியா இல்லியான்னு தெரியும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். சங்கிலியை எடுத்து அவர் கழுத்தில் போடப் போனேன்.

"அதான் அது இல்லன்னு சொல்லிட்டாங்களே. இது எதுக்கு?"

"இருக்கட்டுங்க" என்றேன். கொக்கி மாட்டவே வரவில்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எனக்கு வசதியாகத் தலையைக் குனிந்துகொண்டார்.