உள்பக்கம் தேய்ந்த டயர்கள்

எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும், காபி குடித்து முடிப்பதற்குள் கார் சாவியை எடுத்துவிடுவார். வந்தவரை முன்னால் உட்காரவைத்து புதுக்கோட்டை பைபாஸுக்கு அவரே ஓட்டிப்போவார். டிரைவரான நான் அப்போது மட்டும் பின் இருக்கையில். வந்தவர் சம்பந்தி என்றால், சாலை காலியானதும், "சம்பந்தி, முன்னாடி டப்பாவுல கடலை மிட்டாய் இருக்கு, எடுங்க" என்பார். சம்பந்தி கையை நீட்டியதும் ஆக்ஸிலேட்டரில் ஒரே மிதி. அவர் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும், கை பாதியில் நிற்கும். எஞ்சின் சத்தம் இல்லாத வண்டி, அதனால் டயர் கீச்சிடுவது நன்றாகவே கேட்கும்.

"எப்புடி? கரண்டு வண்டி!"

அந்த மிட்டாயை இதுவரை யாரும் எடுத்துத் தின்றதில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். மெக்கானிக்கல் டிகிரி. வேலை கிடைக்கும்வரை என்று இந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தேன், இன்னும் விடவில்லை. ஊரில் கேட்பவர்களிடம் அம்மா, "கார் கம்பெனியில இருக்கான்" என்கிறாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒருநாள் வண்டி கழுவும்போது பின்டயர்களைப் பார்த்தேன். டயரின் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். வெளிப்பக்கம் இன்னும் ஆழம் இருந்தது. குனிந்து டார்ச் அடித்தால், உள்பக்கம் மொட்டை. பேட்டரியின் கனத்தையும் அந்த மிதியையும் டயர்தானே தாங்க வேண்டும்?

முதலாளியிடம் சொன்னேன்.

"வண்டியில புது வாசமே இன்னும் போகல. அதுக்குள்ள டயரா?"

"அண்ணே, இங்கிட்டு வந்து கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

"பழைய வண்டியில ஒரே டயர வச்சு ராமேஸ்வரம் எத்தனை தடவை போயிருக்கேன் தெரியுமா? இன்ஜினியருக்குப் படிச்சா எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கச் சொல்லிக் குடுப்பாங்களோ?"

குனியவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். அதை அவர் மச்சானுக்கு அனுப்பினார். மச்சான், "டிரைவர் காத்து கூடுதலா அடிச்சிருப்பான்" என்று பதில் போட்டார். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனால் வாரா வாரம் அந்த வண்டியில் அக்காவை ஏற்றிப்போவது நான்தான். அக்கா என்றால் முதலாளியின் மனைவி. இடுப்பில் ஆபரேஷன் ஆகி, பிசியோதெரபி பயிற்சிக்காகத் திருச்சி போய்வருகிறார். ஒரு சின்னக் குலுக்கலைக்கூட அந்த உடம்பு தாங்காது.

அந்த வாரம் திருச்சி போகும் வழியில், கீரனூர் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. மெதுவாகத்தான் போனேன். தேங்கிய தண்ணீரில் வண்டியின் பின்பக்கம் தனியாக ஒருபுறம் இழுத்துக்கொண்டு போனது. எப்படியோ திரும்பி நேரானது. ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"என்ன தம்பி ஆச்சு?"

போட்டோவைக் காட்டினேன்.

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்க்கா. போட்டோவும் அனுப்புனேன்."

அக்கா இடுப்பைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் கைத்தடியோடும் பையோடும் வெளியே வந்தவர், நான் திறந்து வைத்த கார்க் கதவைக் கடந்து கேட்டை நோக்கி நடந்தார். "ஒரு ஆட்டோ கூப்புடு தம்பி. பஸ்ஸுல போறேன்."

முதலாளி பின்னாலேயே வந்தார். "வாசல்ல இம்புட்டுப் பெரிய வண்டிய வச்சிக்கிட்டு நீ பஸ்ஸுல போனா ஊரு என்ன நெனைக்கும்?"

"டயர் மொட்டைன்னு நெனைக்கும்."

"இவன் பேச்சக் கேட்டுக்கிட்டு..."

"அவன் பேச்ச நீங்க கேக்க வேணாம். குனிஞ்சு பாருங்க. எனக்குத்தான் குனிய முடியாது. ஒங்களுக்கு என்ன?"

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். டயரின் உள்பக்கம் விரலை ஓட்டினார். விரல் எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டே போனது. எழுந்தவர் கறுத்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல தம்பி?" என்றார்.



டயர் மாற்றி, சக்கரங்கள் சாயாமல் நேராக நிற்க அலைன்மென்டும் பார்த்துக் கொண்டுவந்த அன்று சாயங்காலமே அறந்தாங்கியிலிருந்து அவருடைய நண்பர் வந்தார். காபி வந்தது. சாவியும் வந்தது. நான் பின் இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

"மாப்ள, முன்னாடி டப்பாவுல..."

திரும்பி வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் போய்க் குனிந்தேன். ஜன்னலில் அக்கா நின்றிருந்தார்.

"எப்படித் தம்பி இருக்கு?"

"இப்போதைக்கு நல்லா இருக்குக்கா" என்றேன்.