“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்”

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் வீடு, திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. ஒரு நாள் காலை அவசரமாகக் குளித்துக்கொண்டிருந்தபோது, இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. அமுக்கினால் நகரவும் இல்லை.

டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே தெரியும். ஆனால் பொங்கல் கழியட்டும் என்றேன். பிறகு முழுப்பரீட்சை முடியட்டும் என்றேன். ஆம்பிளை டாக்டராக இருந்தால் எப்படிக் காட்டுவது? கேன்சர் என்று சொல்லிவிட்டால் என் பெண்பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? எந்நேரமும் இதே நினைப்பு. குழம்பில் உப்புப் போட்டேனா என்பது மறந்துபோகும். கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடுவேன். கரைந்திருக்குமோ என்று கை அடிக்கடி அந்த இடத்துக்கே போகும். கரையவில்லை.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் தினமும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பஸ்ஸில் வருவார். என் வயதுதான் அவருக்கும்.

“என்ன டீச்சர், முள்ளு மேல உக்காந்த மாதிரி நெளியுறீக?” என்று ஒரு நாள் கேட்டார்.

பஸ் இரைச்சலில், கட்டி இருப்பதையும் டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போடுவதையும் அவர் காதோடு காதாகச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“பரீட்சைப் பேப்பர் கட்டப் பாத்தா எனக்கும் இப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு பேப்பரத் திருத்துவோம்னு உக்காருவேன். அப்படியே கட்டு முடிஞ்சிரும். நீங்களும் ஆஸ்பத்திரியப் பத்தி இன்னைக்கு நெனைக்காதீக. வீட்டுக்காரருகிட்ட ‘ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த அவுகளே கேப்பாக.”

“அதுக்கப்புறம்?”

“அத அப்புறம் பாப்போம்.”

அன்று சாயங்காலம் மில்லிலிருந்து வந்த என் கணவர் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போவதும் உள்ளே திரும்புவதுமாக இருந்தேன். கடைசியில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

“என்னது?” என்று நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எண்ணெய்க் கையோடு எழுந்து வந்தார். “என்ன ஆச்சு, சொல்லு.”

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். பிறகு, “நாளைக்கே மதுரைக்குப் போறோம்” என்றார்.

மதுரையில் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது. ‘அடுத்த வாரம் வருவோமே’ என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். டீச்சர் சொன்ன பேப்பர் கட்டு ஞாபகம் வந்தது. சீட்டு மட்டும் போடுவோம் என்று வரிசையில் நின்றேன். சீட்டுப் போட்டதும், பெஞ்சில் உட்கார மட்டும் செய்வோம் என்று உட்கார்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். பார்த்தது பெண் டாக்டர்தான். அத்தனை நாள் பட்ட அந்தப் பயம் வீண்.

மற்றப் பயம் வீணாகவில்லை. அது கேன்சர்தான். “இன்னும் பரவல. இப்பவே எடுத்திரணும்” என்றார் டாக்டர். ஆபரேஷன், அதன்பின் நீண்ட வைத்தியம், முடி கொட்டியது என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். என் பெண்கள் இருவரின் கல்யாணத்தையும் பார்த்துவிட்டேன்.

தைரியம் வரட்டும், அப்புறம் போகலாம் என்றுதான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். டாக்டர் அறைக்குள் நுழையும்வரை அது வரவே இல்லை, ஆனாலும் நான் உள்ளே போய்விட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.