பட்டியலில் ஏறாத தையல் மெஷின்

திஸா நதிக்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் பாதிப் பெண்களின் இடுப்பளவு செரேனாவுக்கு மனப்பாடம். இருபது வருஷம் ஊருக்குத் தைத்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து ஆகஸ்டில், யூதர்களை அடைத்திருந்த முகாமிலிருந்து அவள் ஒருத்திதான் திரும்பி வந்தாள். கணவன் ஆர்மினும் இரண்டு பெண்களும் வரவில்லை. அவள் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை. மெஷின் கிடைத்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று நேராக எதிர்வீட்டுத் தெர்காவிடம் போனாள்.

போன வருஷம் ஏப்ரலில் யூதர்கள் எல்லோரும் தங்கள் சொத்துகளை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஆர்மின் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி உட்கார்ந்து, கரண்டி வரைக்கும் எழுதினான்.

"மெஷினை எழுதாதீங்க."

"சட்டம்டி. மறைச்சா ஜெயில்ல போடுவான்."

"எழுதினா மட்டும் மாலை போடுவானா?"

மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே வாத்து இறகு மூட்டைகளை அடுக்கி, தெர்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். "கண்ணு மாதிரி பாத்துக்கறேன்க்கா" என்றாள் தெர்கா.

கண் மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது செரேனா போய் நின்றபோது மெஷினை ஜன்னலோரம் பூத்துணி போர்த்தி வைத்திருந்தாள்.

"அய்யோ, செரேனாக்கா! உயிரோட இருக்கீங்களா!" தெர்கா கட்டிக்கொண்டு அழுதாள். பொய் அழுகையில்லை. மெஷின் பேச்சை எடுத்ததும்தான் கண்ணீர் நின்றது. "இதுவா? இது எங்க மாமியா குடுத்ததுக்கா."

"உங்க மாமியாளுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாதேடி. அவ பாவாடையெல்லாம் நான்தானே தைச்சேன்."

"செத்தவங்களப் பத்தி அப்படிப் பேசாதீங்க."

"செத்தவங்களப் பத்தி எனக்கா சொல்லித் தர்ற?"

ஊராட்சி அலுவலகத்தில் அதே குமாஸ்தா லூகாச், அதே நாற்காலி. சுவரில் தலைவர் படம் மட்டும் மாறியிருந்தது. ஆர்மினின் பட்டியலைத் தேடி எடுத்தார். குண்டுகுண்டான அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் செரேனா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மெத்தை ஆறு, இறகுப் போர்வை நாலு, கரண்டி பன்னெண்டு... மெஷின் இல்லியேம்மா."

"எழுதல. எழுதியிருந்தா நீங்க தூக்கிட்டுப் போயிருப்பீங்க."

"அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கணும். பட்டியல்ல இல்லாததை உங்களுதுன்னு நான் எப்படிம்மா எழுதித் தர்றது?"

"சரி. பட்டியல்ல இருக்கறதைக் குடுங்க."

"அதெல்லாம் அப்பவே ஏலம் போயாச்சு. சட்டப்படி."

செரேனா சிரித்துவிட்டாள். லூகாசுக்குக் கோபம் வந்தது.

செப்டம்பரில் தெர்காவே தேடிக்கொண்டு வந்தாள். "அக்கா, எனக்கு நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. நீங்க வந்து தைங்களேன். மாவும் உருளைக்கிழங்கும் தர்றேன்."

போனாள். வேறு வழி இருந்தால் போயிருக்க மாட்டாள். மிதியில் கால் வைத்ததும் மெஷின் முனகாமல் ஓடியது. "உங்களுக்குன்னா நல்லா ஓடுது பாருங்க" என்று தெர்கா வெள்ளந்தியாகச் சொன்னாள்.

"சனிக்கிழமை வர மாட்டேன்" என்றாள் செரேனா. யூதர்களுக்கு அது வேலை செய்யக் கூடாத ஓய்வுநாள்; இருபது வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவள் ஊசியைத் தொட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போறதுக்குத்தானே தைக்கக் குடுக்கறாங்க? சனிக்கிழமை இல்லன்னா எப்படி?" தெர்கா குரலைத் தணித்துக்கொண்டாள். "இன்னுமா உங்க கடவுளை நம்பறீங்க, அக்கா?"

முதல் சனிக்கிழமை செரேனா போகவில்லை. அந்த வாரம் மாவு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை போனாள். தெர்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.