தென்னூர் மாடியில் அவர் தோற்ற நாள்

என் கணவர் ஊரை ஏமாற்றிப் பேர் வாங்கியவர் என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது. ஆனால் அதுதான் உண்மை. அதை அவர் முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியும் இருக்கிறேன். பேருக்கு பம்ப்செட் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. கரூர், திண்டுக்கல், சேலம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போவார். போன ஊரில் பூல் மேசை, அதுதான் பில்லியர்ட்ஸ் மாதிரி ஸ்டிக்கால் பந்தைக் குழியில் தள்ளுகிற ஆட்டம், போட்ட இடம் எங்கே என்று விசாரித்து, வெயிலுக்கு ஒதுங்கியவர் போல உள்ளே நுழைவார். ஸ்டிக்கைத் துடைப்பக்கட்டை மாதிரி பிடிப்பார். சும்மா ஒரு பந்தயம் என்று ஆரம்பித்து முதல் ஆட்டம் தோற்பார். இரண்டாவதும் தோற்பார். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, போனது போகட்டும், கடைசியாக ஒன்று என்று பந்தயத்தை ஏற்றுவார். அதில் ஜெயிப்பார். அதுவும் எப்படி? ஏதோ குருட்டாம்போக்கில் கடைசிக் கறுப்புப் பந்து குழியில் விழுந்துவிட்ட மாதிரி.

அடிப்பது பெரிய விஷயமில்லையாம். தவறவிடுவதுதான் வித்தையாம். தோற்றவனுக்கு அடுத்த தடவை இந்த ஆளை ஜெயித்துவிடலாம் என்று தோன்ற வேண்டுமாம். இதை ஏதோ கலெக்டர் பரீட்சை பாஸ் பண்ணியவர் மாதிரி என்னிடம் விளக்குவார். எனக்கு வயிறு எரியும். நான் ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, இந்த மனுஷனுக்குச் சோறு போட வேண்டும். சர்ச்சில் ஞாயிறு பூசையில் மட்டும் முன்வரிசையில் கைகட்டி நிற்பார், பச்சைக் குழந்தை கெட்டது போங்கள்.

திருச்சியில் அவருடைய பாச்சா பலிக்காது. எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் கூத்து என்னவென்றால், தெரிந்தேதான் வந்தார்கள். தென்னூரில் ஒரு மாடியில் இருந்த அந்த ஹாலில் அவர் ஆடுகிறார் என்றால் சுவரோரம் நிற்க இடம் இருக்காதாம். அவர் முதல் பந்தைத் தவறவிட்டதும், நாடகம் ஆரம்பிச்சாச்சு என்று விசிலடிப்பார்களாம். எப்போது ஆட்டத்தைத் திருப்புவார் என்று பார்ப்பதுதான் அவர்களுக்கு வேடிக்கை. ஆட்டக்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்றுதான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் வீடு பார்த்தார். கோயில் தெருக்களுக்கு நடுவே நீங்க எப்படி வந்தீங்க என்று கேட்காத அக்கம்பக்கத்தார் இல்லை. நான் என்னவென்று சொல்வேன்?

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். மேசையெல்லாம் காபி. எங்கே வைத்துக்கொண்டீர்கள் கண்ணை என்று கத்தினேன். அவர் துணியெடுத்துத் துடைத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"கொஞ்ச நாளா எல்லாம் ரெண்டா தெரியுதும்மா."

நான் உடனே டாக்டரிடம் போகலாம் என்றேன். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்திருந்தாராம், இவர் எனக்குத் தெரியாமல் சட்டைப்பையிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியட்டும் என்றார். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி, வருஷக்கணக்காக இவரை ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று தவம் கிடந்தவர். அவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, பின்வாங்கினால் ஊரே பேசும் என்றார். சண்டை போட்டேன், அழுதும் பார்த்தேன். மசியவில்லை. சரி, ரோடு கடக்கவே தடுமாறுகிறவரைத் தனியாக எப்படி அனுப்புவது? பூசை முடிந்ததும் நானும் கூடப் போனேன்.

கட்டிய நாளாக அவர் ஆடி நான் பார்த்ததில்லை. முதன்முதலாகப் பார்த்தது அவர் தோற்றதைத்தான்.

என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், டீ வாங்கிக்கொடுத்தார்கள். எல்லோரும் மரியாதையானவர்கள்தான். அவர் குனிந்து குறி பார்த்தபோது இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வதைக் கவனித்தேன். வெள்ளைப் பந்து குறி வைத்த பந்தைத் தொடாமலே போனது. ஹால் முழுக்கச் சிரிப்பு. மறுபடி அடித்தார், மறுபடி தவறியது. விசில் பறந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், கொஞ்சம் பொறுங்கம்மா, இப்ப பாருங்க ஆட்டத்தைத் திருப்புவாரு என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவதில் அவர் நெற்றியிலிருந்து வேர்வை மேசைத் துணியில் சொட்டியது. ஸ்டிக்கின் நுனி நடுங்கியது. அதற்கும் கை தட்டினார்கள். என்னா நடிப்புடா என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது.

என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"போதுங்க, விட்டுடுங்க. அவருக்கு நிஜமாவே கண்ணு தெரியலங்க."

ஹாலே இடிந்து விழுகிற மாதிரி கை தட்டினார்கள். குடும்பமே நடிக்குதுப்பா என்று யாரோ கத்தினார்கள். பட்டறைத் தம்பிகூடச் சிரித்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு கும்பிடு போட்டார், நன்றாக நடித்தாய் என்கிற மாதிரி. கண் மட்டும் கெஞ்சியது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஆட்டமும் தோற்றார். இன்னைக்கு இவ்வளவுதான் என்று ஸ்டிக்கை உறையில் போட்டார். ஒருவரும் நகரவில்லை. இனிமேல்தான் ஆட்டமே என்று நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் படி இறங்கும்போதும் மேலே பேச்சுக் கேட்டது, தம்பியைப் பெரிய பந்தயத்துக்கு இழுக்கிறாரு என்று.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது. ஒருத்தன்கூட நம்பல பாத்தியா என்றார். அதில் பெருமையா, வேதனையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வெட்கமில்லையா, யாருக்காக இந்தப் பாடு என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில், நாலு பேர் பார்க்க, அப்படிப் பிடிக்கிற ஆளே இல்லை.

"நான் நிஜமா தோத்தேன்னு யாருக்கும் தெரிய வேணாம்மா. என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."

ஸ்கேனில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. கத்தி வைக்க முடியாத இடம் என்றார்கள். பார்க்க வந்தவர்களிடம் கண்ணில் ஏதோ சின்னக் கோளாறு என்றே சொல்லச் சொன்னார். அவர்களும் கட்டிலோரம் உட்கார்ந்து, போதும்ணே நடிச்சது, எந்திரிச்சு வாங்க, டேபிள் காலியா கிடக்கு என்பார்கள். பாசத்தில்தான் சொன்னார்கள். அவர் பாதி முகத்தால் சிரிப்பார். அவர்கள் போனபின் தலைவலியில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். பெற்ற பிள்ளையிருந்தால் அதனிடமாவது சொல்லி அழுதிருப்பேன், அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தோம். செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. தென்னூர் ஹாலே வாசலில் வந்து நின்றது. அதற்குள் என்ன நோய் என்பது ஆஸ்பத்திரி வழியாக எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. பட்டறைத் தம்பி கடைசியாகத்தான் உள்ளே வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். நோய் என்னவென்று தெரிந்ததிலிருந்து அந்த மாடிப் பக்கமே போகவில்லை என்று பிறகு சொன்னார்கள். என் அருகில் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார்.

"அக்கா, அன்னைக்கே அண்ணனுக்கு இது இருந்துச்சா? கண்ணு தெரியாத மனுஷனையா நான் ஜெயிச்சேன்?"

ஆமாம் என்று அலற வேண்டும் போல இருந்தது. அன்றைக்கே சொன்னேனே, கை தட்டினீர்களே, பாவிகளா என்று தொண்டை வரை வந்தது. அந்த மனுஷன் பட்ட வேதனையை ஒருவராவது தெரிந்துகொள்ளட்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பெட்டிக்குள் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இல்ல தம்பி, இது அப்புறம் வந்தது. அன்னைக்கு அவர் உங்களுக்கு விட்டுக்கொடுத்தாரு. வீட்லயே என்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பினாரு."

தம்பி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பின்னால் நின்றவர் என்ன என்று கேட்க, விட்டுக்கொடுத்தாராம் என்றார். அது வாய்க்கு வாய் மாறி வாசலுக்குப் போயிற்று. எனக்கு அப்பவே தெரியும் என்று வெளியே ஒருவர் சொன்னார். யாரோ பிரியமாகச் சிரித்தார்கள். என் மனுஷன் பட்ட பாடு இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.