வாக்கியத்துக்கு முளைத்த வால்

ஜப்பான் கார்ட்டூனுக்குத் தமிழ் வசனம் எழுதுவது, பாத்திரம் வாயை மூடும்வரை நம்மை விடாத தொழில். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தக் கதைகளில் பல பேருக்கு வாக்கியக் கடைசியில் ஒரு தனி ஓசை வால்போல ஒட்டிக்கொண்டு வரும். பூனைப்பெண் பேசினால் 'ன்யா'. வாள் பிடித்த பெண் பேசினால், இன்று யாரும் பேசாத 'கொஸாரு'.

பூனையின் எழுத்து

செம்மண்டலத்தில் என் வீட்டில் எழுதுவேன். சிதம்பரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு. பூனைக்கு முதலில் 'மியா' போட்டிருந்தேன். குரல் கொடுக்க வந்த பர்வீன் சிரித்துவிட்டார். அவர் தெருப் பெரியவர் ஒருவரை எல்லோரும் மியா என்றுதான் கூப்பிடுவார்களாம். மாற்றி 'ஞா' என்று எழுதினேன். "வந்துட்டேன்ஞா" என்று அவர் முடித்ததும், திரையில் பூனையின் வாயும் அங்கேயே மூடியது. பர்வீன் சொன்னார்: "ஞாயித்துக்கெழமைக்கு மட்டும்தான் இந்த எழுத்துன்னு நெனச்சேன் சார். பூனைக்கும்தான் போலருக்கு."

வாள்காரிக்கு ஒரு 'காண்'

வாள்காரிக்குப் பழந்தமிழிலிருந்து 'காண்' எடுத்துக் கொடுத்தேன். "போகிறேன் காண்." ஆள் பற்றாக்குறையால் அவளுக்கும் பர்வீனே பேசினார். ஆனால் ஆர்டர் கொடுத்த கம்பெனி, இதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டது. ஸ்டுடியோ முதலாளி குமாரும் அந்தப் பக்கம்தான். "ஜனங்க மூஞ்சியப் பாத்தே ஆளத் தெரிஞ்சுப்பாங்க சார். வாலு ஜாஸ்தி, வெட்டிடுங்க."

சலீம் கேட்ட சண்டை

பர்வீனின் கணவர் சலீம், வெளிநாட்டு வேலையில் நடந்த விபத்தில் பார்வை இழந்தவர். ஒருநாள் பர்வீன் அவரையும் கடலூரிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார். பூனையும் வாள்காரியும் சண்டை போடும் காட்சியை, வால் வெட்டிப் போட்டுப் பார்த்தோம். சலீம் குழம்பிப்போய்க் கேட்டார்: "பர்வீன், நீ யாருகிட்ட பேசுற?"

குமார் வால் வெட்டாத பழைய பதிவைப் போட்டார். இப்போது 'ஞா' வந்தபோதும் 'காண்' வந்தபோதும் சலீம் சரியான இடத்தில் சிரித்தார். கடைசியில் வாள்காரி அடிபட்டு விழ, பூனை "எழுந்திரு" என்றது, அவ்வளவுதான். மூலத்தில் அந்த இடத்தில் 'ன்யா' இல்லை. நானும் சேர்க்கவில்லை, ஏனென்று யோசிக்கவுமில்லை. திரையில் பூனை எங்களுக்கு முதுகு காட்டி நின்றது. சலீமின் சிரிப்பு நின்றுவிட்டது. "வாலக் காணோம் சார். அது அழுவுது."

குமார் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது என்னிடம் சொன்னார்: "எதையும் வெட்டாதீங்க. கம்பெனிகிட்ட நான் பேசிக்கிறேன்."

கம்பெனி ஒருவழியாக ஒப்புக்கொண்டது. எனக்குத்தான், யார் பேசினாலும் என்ன சொன்னார்கள் என்பது போய் எதில் முடித்தார்கள் என்பது மட்டும் காதில் விழுந்து, வீட்டில் தினமும் திட்டு விழுகிறது.