காரணம் என்று ஒரு கட்டம்

என் அக்கா பதினெட்டு வருடம் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தாள். நோயாளிகளின் ஃபைலை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைக்க வேண்டும். ஃபைல் கேட்பவர் ஒரு துண்டுச் சீட்டில் பெயர், தேதி, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தால், தலைமை டாக்டரே வந்து நின்றாலும் அக்கா நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அங்கே அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். மரியாதைக்காக வைத்த பெயர் இல்லை அது.

ஒருநாள் ஃபைல்களையெல்லாம் ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றிவிட்டு ரூமை மூடினார்கள். அந்தக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டதே நான்தான். பூட்டும் சாவியும் எனக்குத் தொழில். அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மாமா இறந்த பிறகு ஆறு வருடமாக எங்களோடுதான் இருந்தாள்.

"விடுக்கா, வீட்டோட நிம்மதியா இரு" என்றேன்.

"ஃபைலெல்லாம் எங்கடா போச்சு?"

"கிளவுடுக்கு."

"அங்க யாரு சீட்டு வாங்குறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

மறுநாளே இணையத்தில் இலவச வகுப்பில் சேர்ந்தாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று என் மனைவியிடம் சொன்னேன். அக்கா வளையவில்லை. கிளவுடைத்தான் தன் பக்கம் வளைத்தாள். "ஒண்ணுமில்லடா, ரெக்கார்டு ரூம் வேற ஊர்ல இருக்கு, அவ்ளோதான்" என்றாள். யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்ற பாடம் வந்தபோது, வகுப்பெடுத்தவரை நிறுத்தி நிறுத்தித் தலையாட்டினாள். தேர்வில் முதல் தடவை தோற்றாள், இரண்டாம் தடவை தேறினாள். ஒன்பது கம்பெனிகள் வயதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பின. பத்தாவதில், மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதைப் பற்றிச் சொல்வதாகச் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற நிறுவனங்களின் தகவல்களைக் கிளவுடில் வைத்துப் பாதுகாக்கும் சின்னக் கம்பெனி. மேலாளருக்கு அக்காவைவிடப் பதினாறு வயது குறைவு.

இது போனால் பதினொன்றாவது கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் எப்போதும்போல் சாப்பிட்டாள்.

கம்பெனியில் எல்லாக் கணக்குகளுக்கும் மேலே முதல் கணக்கு என்று ஒன்று இருந்தது. அதன் கடவுச்சொல்லை மேலாளர் மஞ்சள் காகிதத்தில் எழுதித் தன் மானிட்டரிலேயே ஒட்டியிருந்தார். முதல் வாரம் அக்கா செய்த முதல் காரியம், அதைப் பிய்த்தெடுத்து உறையில் போட்டு ஒட்டி, இரும்பு பீரோவில் வைத்ததுதான். பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்தாள். உறையைப் பிரிப்பவர் பெயர், தேதி, காரணம். மேலாளர் தவிர யாரும் பிரிக்கக் கூடாது. ஆபீஸே சிரித்தது.

மூன்றாம் மாதக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டார். "தேவையில்லாதவங்க நிறைய பேருக்கு அனுமதி இருக்கு மேடம். கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்க."

அக்காவிடம் சொல்லக்கூடாத சொல் அது. பட்டியலில் அறுபத்தோரு பேர். ஒவ்வொருவரிடமும் போய் "உங்களுக்கு இது எதுக்கு?" என்று கேட்டாள். வேலையை விட்டுப் போன பதினேழு பேர் பட்டியலில் இன்னும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பதினேழு பேரையும் நீக்கினாள். மேலாளரின் பெயருக்கு எதை வேண்டுமானாலும் செய்யும் அதிகாரம் இருந்தது. எட்டு மாதமாக அவர் அதைத் தொட்டதே இல்லை. அதையும் எடுத்தாள்.

கடைசியில் அவள் பெயர் வந்தது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். அக்கா அந்தப் பழமொழி படிக்காதவள். தன் அதிகாரத்துக்கும் சீட்டு இல்லை என்று பார்த்தாள், நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்தாள், தன் பெயருக்கு எதிரேயும் 'நீக்கு' என்பதை அழுத்தினாள். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை. அப்போது காலை பதினொன்று நாற்பது. யாருக்கும் அனுமதி கொடுக்கும் அனுமதி இனி அந்தக் கம்பெனியில் ஒருவருக்கும் இல்லை.

சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்களை நான் தினமும் பார்க்கிறேன். எல்லோரும் பூட்டைத்தான் திட்டுவார்கள். அக்கா யாரையும் திட்டவில்லை. மேலாளரிடம் சொல்லப் போனாள். அவர் வெளியே போயிருந்தார், போனையும் எடுக்கவில்லை. மூன்று மணிக்குத் திரும்பியவர், ஒரு புது வாடிக்கையாளர் அனுப்பிய இரண்டு பேரோடு நேராகக் கூட்ட அறைக்குப் போனார். அவர்கள் வந்ததே இங்கே பாதுகாப்பு எப்படி என்று பார்க்க. அக்கா வாயைத் திறக்குமுன் மேலாளர் பெரிய திரையைத் திறந்தார். உங்களுக்கு அனுமதி இல்லை என்று அது பெரிதாகக் காட்டியது.

"என்ன மேடம் இது?"

"உங்களுக்குச் சீட்டு இல்ல சார். எடுத்துட்டேன்."

"சரி, இப்ப திரும்பக் குடுங்க."

"என்னோடதையும் எடுத்துட்டேன் சார்."

"அப்ப யார்கிட்டதான் இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல."

வந்தவர்களில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

மேலாளர் பீரோவுக்கு ஓடினார். அக்கா உறையை எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை. நோட்டை நீட்டினாள். வேலையே போகப்போகிறது, அப்போதும் நோட்டை நீட்டுகிறாள்! அவர் பெயர் எழுதினார், தேதி எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. கடைசியில், "உள்ளே போக முடியவில்லை" என்று எழுதினார். உறை பிரிந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியானது. வந்தவர்கள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து புரட்டிவிட்டுப் போனார்கள். மேலாளர் அன்று முழுக்க அக்காவோடு பேசவில்லை.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா வெறுங்கையோடு வந்தாள்.

"லெட்டர் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. நிரந்தரம்னுதான் போட்டிருந்துச்சு. அன்னிக்கு வந்தவங்களுக்கு நோட்டு பிடிச்சுப்போச்சாம். திருப்பிக் குடுத்துட்டேன்."

"ஏன்கா?"

"கையெழுத்துக்குக் கீழ தேதி இல்லடா."

இந்தப் பெண்மணியோடு என் அம்மா எப்படிக் காலம் தள்ளினாளோ! சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அவளோடு பேசவில்லை. திங்கட்கிழமை மாலை தேதி போட்ட கடிதத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அதில் ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது. அக்கா தன் அனுமதியில் தானே கை வைக்க வேண்டுமென்றால் இன்னொருவர் கையெழுத்து வேண்டும். "நல்ல ரூல். நான்தான் சொன்னேன்" என்றாள்.

கடிதத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. என் பெயருக்குத்தான் எழுதியிருந்தாள். "வீட்டுச் சாவி, ஒன்று. காரணம்: இனி வேலை முடிந்து வர நேரமாகும். கதவு திறக்க யாரும் காத்திருக்க வேண்டாம்." கீழே கையெழுத்து, தேதி.

ஊரில் பாதி வீட்டுக்குச் சாவி போட்டவன் நான். இத்தனை வருடமாக அக்கா மணியடித்துத்தான் உள்ளே வந்திருக்கிறாள்.

"இதை முன்னாடியே கேட்டிருக்கலாமேக்கா" என்றேன்.

"அப்ப காரணம் இல்லடா" என்றாள்.

பூட்டிவிட்டு வந்த என் சாவிக் கடையை மறுபடி திறந்தேன். சாவி வெட்ட எனக்கு இரண்டு நிமிடம் போதும். அன்று மூன்று தடவை தப்பாக வெட்டினேன்.