கோரி திரும்பி வந்த ஊர்

வெர்னா ஹாஸ்காம்ப் மேயரானதற்குக் காரணம், அந்தத் தேர்தலில் வேறு யாரும் நிற்காததுதான். இல்லினாயில் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த எல்டன்வில்லில் எந்தப் பதவிக்கும் ஆள் கிடைப்பதில்லை.

சின்ன வயதிலேயே அவள் ஊர்த் தொழிற்சாலையில் ஃபிரிட்ஜ் கதவுக்கு ரப்பர் வார்க்கும் வேலையில் சேர்ந்தாள். அந்தச் சம்பளத்தில் வீடு வாங்கினாள், மகளைக் கல்லூரிக்கு அனுப்பினாள். தொழிற்சாலை மெக்சிகோவுக்குப் போன பிறகு, பக்கத்து ஊர் மலிவுவிலைக் கடையில் பாதிச் சம்பளத்துக்குக் கல்லாவில் நின்றாள். படித்த மகள் டென்வரிலேயே தங்கிவிட்டாள். ஊரில் கைகால் திடமாக இருந்த எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

அவள் மேயராக இருந்தபோது ஒரு கோழிக்கறி நிறுவனம் ஆலை கட்ட இடம் பார்க்க வந்தது. வந்தவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “இடம் நல்லாத்தான் இருக்கு. வேலைக்கு ஆளு எங்கம்மா?” என்றார்.

“வேலைன்னு ஒண்ணு இருந்தா எங்க புள்ளைங்க திரும்பி வந்துருவாங்க,” என்றாள் வெர்னா.

அன்றிலிருந்து, ஊரை விட்டுப் போனவர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தாள். ரப்பர் வேலையில் அவளோடு நின்ற டார்லீன், “அடியே, பேய்ங்களுக்கு மேயரா இருந்தது போதும். நீ இங்க வந்து சேரு,” என்று சிரித்தாள். டார்லீனின் மகன் கோரி சிரிக்கவில்லை. இண்டியானாபொலிஸில் வாடகை கட்டி மாளவில்லை அவனுக்கு.

“நெசமாவா அத்தை? கண்டிப்பா வருதா?”

நிறுவனம் இன்னும் முடிவு சொல்லாதது வெர்னாவுக்குத் தெரியும். “வருதுப்பா. முடிஞ்ச மாதிரிதான்.”

கோரி மனைவி ஷெல்பியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். சேமிப்பையெல்லாம் போட்டு தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு வீடு வாங்கினான். பள்ளியில் புதிதாக இரண்டு பிள்ளைகள் சேர்ந்தது ஊர் முழுக்கப் பேச்சானது.

வசந்தத்தில் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. நெடுஞ்சாலையோரப் பெரிய ஊர் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெர்னா நேரே கோரி வீட்டுக்குப் போனாள். அவன் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மேயரம்மா! ஆலைக்கு ரிப்பன் வெட்டறது எப்ப?”

“அவங்க வரலைப்பா.”

கோரி பிரஷ்ஷைக் கீழே வைத்தான். “முடிஞ்ச மாதிரின்னு சொன்னீங்களே?”

“முடியணும்னு ஆசைப்பட்டேன்.”

“நீங்க ஆசைப்பட்டீங்க. நான் வீட்டையே வாங்கிட்டேன்.”

அடுத்த வருஷம் பிள்ளைகள் போதவில்லையென்று பள்ளியை மூடிவிட்டார்கள். ஷெல்பி குழந்தைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கோரி ஒரு மணி நேரம் காரோட்டிப் போய்ச் சிறைச்சாலையில் காவலாளி வேலை பார்த்தான். வீட்டை வாங்க ஆள் வரவில்லை.

கடைசியில் தெருவிளக்குக்குக்கூட வரி வசூல் போதவில்லை. ஊராட்சியைக் கலைத்து ஊரை மாவட்ட நிர்வாகத்திடம் விட்டுவிடுவதென்று பேச்சு வந்தது. கலைப்பதுதான் வழி என்று சொன்னவளும் வெர்னாதான். ஊர்க் கூட்டத்தில் எதிர்த்து எழுந்து பேசியவன் கோரி ஒருவன்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் அவனை நிறுத்தினாள். “இந்த ஊரால நீ நொந்துதானேடா போயிருக்க. அப்புறம் எதுக்கு?”

“வீடு விக்காது, நான் இங்கதான் கெடக்கணும். ஊருன்னு ஒரு பேராவது இருக்கட்டும்னு பாத்தேன்.”

“என்னை மன்னிச்சிருடா.”

“அதை வச்சு என்ன பண்றது அத்தை?” கோபமில்லாமல் கேட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று காரில் ஏறினான்.

ஓட்டெடுப்பில் கலைப்பதென்றே முடிவானது. வெர்னா ஊராட்சி அலுவலகத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டு, மறுநாள் வழக்கம்போலக் கடைக்கு வேலைக்குப் போனாள்.